கூடம் கோணலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ நம் நாட்டில் எவனேனும் ஒருவன் தான் தோற்றதற்குத் தன் கருவியைக் காரணம் காட்டத் துணிந்தால், உடனே அவன் முகத்தில் வீசப்படும் பழமொழி இது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது நியாயமான தீர்ப்பே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிற்சில சமயங்களில் கூடம் உண்மையாகவே கோணலாய் இருந்துவிடுகிறது. அப்பொழுது கூடத்தைச் சோதிக்காமல் ஆடியவளைப் பழிப்பது அநீதியாகும்.

2021-ஆம் வருஷம் ஜூலை 25-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் நடந்ததை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில், 19 வயதே நிரம்பிய மனு பாக்கர் என்ற நம் நாட்டுப் பெண் குறி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். 75 நிமிஷங்களுக்குள் 60 முறை சுட்டு முடிக்க வேண்டும் என்பது விதி. போட்டி நடுவில் அவர் கையிலிருந்த கருவி பழுதுபட்டது. அதைச் சரிப்படுத்துவதற்குள் ஏறத்தாழ 20 நிமிஷம் கழிந்தது. எஞ்சிய நேரத்தில் பதற்றத்தோடு சுட்டு முடித்த அப்பெண் 575 புள்ளிகள் பெற்றார். இறுதிச் சுற்றில் இடம் பெற 2 புள்ளிகள் குறைந்தன. திறமை போதாது என்று ஏசினோரும் உண்டு, மனவுறுதி இல்லை என்று உபதேசித்தோரும் உண்டு. 2024-ஆம் வருஷம் ஜூலை 28-ஆம் தேதி பாரிஸ் நகரில் அதே பந்தயத்தில் அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். இரண்டு தினங்கள் சென்று, சரப்ஜோத் சிங் என்பவரோடு சேர்ந்து மற்றொரு வெண்கலத்தையும் பெற்றார். ஆடத் தெரிந்தவளே என்பது ருசுவாயிற்று.

அந்த வெற்றிக்குப் பிறகு தம் பிள்ளைகளைக் குறிப்பயிற்சிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்தத் துப்பாக்கி வாங்குவது?’ என்பதே. இக்கேள்விக்குக் கடைக்காரர் ஒரு விடை கூறுகிறார். பக்கத்து வீட்டு நண்பர் மற்றொரு விடை கூறுகிறார். விளம்பரமோ ஆயிரம் விடை கூறுகிறது. இவற்றுக்கிடையே மயங்கி நிற்கும் தந்தைமார்களுக்கு நம் அபிப்பிராயத்தைத் தெளிவாக எடுத்துரைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

முதற்கண் ஒரு சந்தேகத்தை விலக்குவோம். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் சாதுவான குடும்பஸ்தர் நடுங்குகிறார். அதற்குச் சரித்திர காரணமும் உண்டு. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்நாட்டு ஜனங்கள் லைசென்ஸின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. ஐரோப்பியருக்கோ அதிலிருந்து விலக்களித்தது. தன் மண்ணிலேயே நம்பத் தகாதவனாக நடத்தப்பட்ட ஒரு ஜாதி, ஆயுதத்தைக் கண்டு அஞ்சவோ அல்லது அதன்மேல் அளவுகடந்த மோகங்கொள்ளவோ பழகியதில் வியப்பில்லை. சுதந்திரத்திற்குப் பின் 1959-இல் நாமே இயற்றிக்கொண்ட சட்டம் அப்பழைய சட்டத்தை நீக்கிற்று. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழல்வாய் 4.5 மில்லிமீட்டருக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக் காற்றுக் கைத்துப்பாக்கி இவ்வரம்புக்குள் அடங்குவது. வெடிமருந்தால் இயங்கும் .22 கைத்துப்பாக்கிக்கோ லைசென்ஸ் அவசியம். ஆகையால் தொடங்குகிறவனுக்குரியது காற்றுக் கைத்துப்பாக்கியே. இதில் இரண்டாவது அபிப்பிராயத்திற்கு இடமில்லை.

இனி, தற்காப்புக் கருவி வேறு, குறிக்கருவி வேறு என்பதை உணர வேண்டும். 2014-இல் கான்பூர் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்றொரு ரிவால்வரை வெளியிட்டது. பெண்களின் தற்காப்பை உத்தேசித்து, கைப்பையில் அடங்குமாறு, சுமார் 500 கிராம் எடையில் அது செய்யப்பட்டது. அதன் நோக்கம் அது. நீண்ட குழலும், கைக்கேற்ற மரப்பிடியும், மயிரிழையளவும் மாற்றி அமைக்கத்தக்க குறிமுனையும் உடைய பந்தயக் கருவியின் நோக்கம் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றன் வேலையைச் செய்ய நினைப்பது, அரிவாளைக் கொண்டு எழுத்தாணியின் வேலையைச் செய்ய நினைப்பதாகும். பயங்கரமான தோற்றத்தைக் கண்டு மயங்குவோருக்கு ஒரு செய்தி கூறுவோம். 1963-இல் வெளிவந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ என்னும் ஜேம்ஸ் பாண்டு சினிமாவின் விளம்பரப் படங்களில் கதாநாயகன் கம்பீரமாக ஏந்தி நிற்பது எதிரிகளைக் கொல்லும் ஆயுதமன்று. வால்தர் கம்பெனியார் செய்த காற்றுக் கைத்துப்பாக்கியே! உருவத்தை மட்டும் பார்த்துக் கருவியை மதிப்பவர் ஏமாறுவது இவ்விதமே.

அப்படியாயின் எதைப் பார்த்து மதிப்பது? இலக்கு கேட்பது என்ன என்று தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கும். 10 மீட்டர் தூரத்தில் வைக்கப்படும் இலக்கில் 10 புள்ளிக்குரிய நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவில் சுமார் பாதி. நின்றபடி, ஒற்றைக் கையை நீட்டி, வேறெவ்வித ஆதரவுமின்றி அதனைச் சுட வேண்டும். உயிருள்ள மனிதனின் கை ஆடாமல் நிற்பதென்பது இல்லை. உலக வெற்றி வீரனின் கையும் ஆடத்தான் செய்கிறது. அந்த ஆட்டம் அவ்வளவு கேடு விளைவிப்பதில்லை என்பதே இக்கலையின் ரகசியம். துப்பாக்கி முழுவதும் சாயாமல் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், ரவையும் இலக்கில் ஒரு மில்லிமீட்டரே விலகும். ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள நேர்மை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? இரண்டு குறிகளுக்கும் இடைத்தூரம் 320 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அப்பிசகு 10 மீட்டர் தூரத்தில் 31 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்தாக வேண்டிய புள்ளி ஏழாகிவிடும்.

துரோணர் வைத்த பரீட்சையில் பட்சியின் கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அருச்சுனன் விடை பகர்ந்த கதையை நாம் யாவரும் அறிவோம். கைத்துப்பாக்கி ஏந்துவோன் அவ்விடையைச் சற்றே மாற்றிச் சொல்ல வேண்டியவனாயிருக்கிறான். அவன் கண் நிலைக்க வேண்டிய இடம் இலக்கன்று. தன் கையின் எல்லையிலிருக்கும் முன்குறியே. இலக்கு சற்று மங்கித் தெரிந்தாலும் பாதகமில்லை. முன்குறி கூர்மையாகத் தெரிந்து, பின்குறியின் பிளவில் நேராக நிற்றல் வேண்டும். எனவே அந்த நேர்மையைக் கடைசிக் கணம் வரையில் கலைக்காத கருவி எதுவோ, அதுவே நல்ல கருவி. இந்த ஒரு பிரமாணத்தைக் கைக்கொண்டால் மற்றவை எளிதில் தீர்ந்துவிடும்.

அந்த நேர்மையைக் கலைக்கும் முதற் பகைவன் விசை. விரல் விசையை இழுக்கும்போது அது கரகரவென்று உராய்ந்தாலோ, விடுபடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினாலோ, விரல் தன்னையறியாமல் பலத்தைக் கூட்டும், குறிமுனை சாயும், ரவை தவறும். சர்வதேச விதியின்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராமுக்குக் குறையாத பளுவைத் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கிச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் அந்த எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆதலின் விசை லேசாக இருப்பது மட்டும் பெருமையாகாது. ஒரே இடத்தில், ஒரே பளுவில், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சுத்தமாக விடுபட வேண்டும். வாங்க விரும்புவோர், ரவையின்றி வெறுமனே விசையை இயக்கும் ஏற்பாடு அக்கருவியில் உண்டா என்று விசாரித்து, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி இருபது முறை இயக்கிப் பார்க்க வேண்டும். விசை விடுபடும்போது முன்குறி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். தொடங்குகிறவனின் விரலே பிழை செய்யக்கூடுமாதலால், பழகிய ஆசான் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு சோதிப்பது நலம். கடைக்காரரின் நாவன்மையைக் காட்டிலும் இவ்விருபது முறை பெறுமதியுள்ள சாட்சி.

விசையில் இரண்டு வகை உண்டு. ஒன்று எஃகு நெம்புகளாலும் சுருள்வில்லாலும் இயங்குவது. மற்றொன்று மின்சாரத்தால் இயங்குவது. மின்விசையின் சுத்தம் அபாரமானது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வர். ஆனால் பாட்டரியும் நுண்ணிய மின்சுற்றும் கெட்டால், ஆடுகளத்தில் நிற்பவன் என்ன செய்வான்? உலகப் பந்தயத்திற்குச் செல்வோர் தம் பயிற்சியாளரோடு கலந்து தமக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ளட்டும். எதைத் தேர்ந்தாலும், அதே அளவில் சரிசெய்து பழகிய இரண்டாவது கருவியொன்றைக் கைவசம் வைத்திருக்கட்டும். மாகாணத்தின் ஒரு மூலையில் பயிலத் தொடங்கும் சிறுவனுக்கோ எஃகு விசையே ஏற்றது. அவன் ஊரிலேயே ஒரு தேர்ந்த கைவினைஞன் அதைக் கழற்றிப் பார்த்துச் சீர்செய்ய முடியும். பழுது பார்க்க முடியாத உயர்ந்த கருவியைவிடப் பழுது பார்க்க முடிந்த நல்ல கருவி மேலானது.

அடுத்தது பிடி. பிறர் செருப்பு நம் காலுக்குப் பொருந்தாது என்பதை அறிந்த நாம், பிறர் கைக்குச் செய்த பிடியை நம் கையில் திணித்துக்கொள்ளத் தயங்குவதில்லை. நல்ல கருவிகளின் மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று பல அளவுகளில், வலக்கைக்கு ஒன்றும் இடக்கைக்கு ஒன்றுமாகக் கிடைக்கிறது. உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகையை மேலும் கீழும் நகர்த்தலாம். இடுக்கில் இடைவெளி இருந்தால் மரப்பசை வைத்து நிரப்பலாம். உறுத்தினால் அரத்தால் ராவலாம். மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுப்பது மட்டும் விதிக்கு விரோதம். இதற்குச் சோதனை மிக எளிது. கருவியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். கையை இலக்கின் திசையில் உயர்த்துங்கள். பிறகு கண்ணைத் திறவுங்கள். முன்குறி பின்குறியின் நடுவில் தானாகவே நின்றால் அப்பிடி உங்களுடையது. இடத்திலோ வலத்திலோ ஒதுங்கி நின்றால், அதனை நேராக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருக வேண்டியிருக்கும். அறுபது முறை திருகிய மணிக்கட்டு முடிவில் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எடையும் இதனோடு சேர்ந்ததே. விதி 1,500 கிராம் வரையில் இடங்கொடுத்தாலும், பெரும்பாலான பந்தயக் கருவிகள் சுமார் ஒரு கிலோவுக்குள் அடங்குகின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளுக்கு அதுவும் பாரமே. இளைஞர்க்கென்று இலேசாகச் செய்யப்படும் கருவிகள் இருக்க, பின்னால் உதவும் என்று பெரியதையே வாங்கித் தருவது, வளர்ந்தபின் பொருந்தும் என்று தகப்பனின் சட்டையைப் பிள்ளைக்கு அணிவிப்பதை ஒக்கும். சட்டையால் தீங்கில்லை; பாரத்தால் தோளில் ஏற்படும் கோளாறு எளிதில் நீங்குவதில்லை.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். இக்காலத்துக் கருவிகள் சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்த சிறு சிலிண்டரால் இயங்குகின்றன. சிலிண்டருக்கு ஆயுள் உண்டு; அது பெரும்பாலும் 10 வருஷம். ஆகவே பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவோர் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாராமல் பணத்தை எண்ணித் தரலாகாது. காற்று நிரப்பும் வசதி அருகில் இல்லாத ஊர்க்காரர், ஒவ்வொரு முறையும் நெம்புகோலை இழுத்துக் கையாலேயே காற்றை அடைக்கும் பழைய வகையை வாங்குவது புத்திசாலித்தனம். ரவையையும் அலட்சியம் செய்யலாகாது. ஒரே கம்பெனியின் ரவைகளிலும் ஒரு குழலுக்கு ஒத்துக்கொள்வது மற்றொரு குழலுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வகைகளைப் பரீட்சித்து, நெருக்கமாக விழுவது எதுவோ அதையே தொடர்ந்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை: லைசென்ஸ் தேவையில்லை என்பதற்காக இதனை விளையாட்டுச் சாமானாகக் கருதலாகாது. கண்ணைக் குருடாக்கும் சக்தி இதற்கும் உண்டு. பூட்டி வைக்க இடமும், மேற்பார்வைக்கு ஆளும் இல்லாத வீட்டில் இது நுழையவே கூடாது.

நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் தம் புதல்வனுக்காக லட்ச ரூபாய்க்கு மேல் செலவிட்டு, பதக்கம் பெற்ற வீரர் ஒருவர் ஏந்துவதைப் போன்ற கருவியையே வரவழைத்தார். பிடி பையனின் கைக்குப் பெரிது; விசையைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஊரில் இல்லை; எடையால் தோள் வலித்தது. ஆறு மாதத்திற்குள் அது அலமாரிக்குள் போயிற்று. பையனோ தனக்குத் திறமையில்லை என்று முடிவு கட்டிக்கொண்டான். ஆயுத பூஜையன்று மட்டும் அக்கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் கிடைக்கின்றன! பணம் போனது பெரிதன்று. பையனின் தன்னம்பிக்கை போனதே நம்மை வருத்துகிறது. கோணலான கூடத்தில் நிறுத்தி அவனுக்கு ஆடத் தெரியாது என்று தீர்ப்புக் கூறிவிட்டோம்.

கருவியே எல்லாம் என்று நாம் சொல்வதாக எவரும் பொருள் கொள்ள வேண்டாம். ஹங்கேரி நாட்டுச் சேனை வீரர் காரோலி தகாக்ஸ் என்பவரின் வலக்கை 1938-இல் கையெறி குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையால் பழகி, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கை போனாலும் கலை போகவில்லை. 2024-இல் பாரிஸில் துருக்கி நாட்டு யூசுஃப் டிகேச், ஒரு கையைக் காற்சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று கலப்பு இரட்டையரில் வெள்ளி பெற்றார். ‘பார்த்தீர்களா, கருவியாவது ஒன்றாவது!’ என்று உலகமெங்கும் கைகொட்டினார்கள். ஆனால் அவர் துறந்தது கண்மறைப்பும் விசேஷக் கண்ணாடியும் போன்ற உபசாமான்களைத்தான். அவர் கையில் இருந்தது மற்றவர் கையில் இருந்ததற்குச் சற்றும் தாழாத பந்தயக் கருவியே. வேண்டாததை விடத் தெரிந்தவர், வேண்டியதை விடவில்லை. கருவி தேர்வோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

முடிவாகத் தேசத்தின் பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உலகப் பந்தயங்களில் காணப்படும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் ஸ்விட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்டினி முதலிய தொழிற்சாலைகளிலிருந்து வருபவை. நம்மவர் பதக்கம் பெறுவதும் அன்னியக் கருவியைக் கொண்டே. திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலை நடைபெறுகிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் கடைசல் வேலையில் கைதேர்ந்தோர் ஏராளம். 2023-இல் நிலவின் தென்துருவத்தருகே கலத்தை இறக்கிய தேசம், பத்து மீட்டருக்கு ரவையைச் செலுத்தும் குழலைச் செய்ய வழியறியாதா? செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் சுதேசிப் பெயரால் மட்டமான சரக்கை நம் பிள்ளைகளின் கையில் திணித்து, தேசபக்திக்காகத் தோற்றுப்போ என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. அன்னியக் கருவியோடு ஒரே மேடையில் நின்று, ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டு வெல்வதே சுதேசிக் கருவிக்கு அழகு.

அந்த நாள் வரும் வரையில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு ஜில்லாச் சங்கமும், பல அளவுப் பிடிகளோடு நான்கைந்து நல்ல கருவிகளைப் பொதுவில் வாங்கி வைக்கட்டும். அவற்றைப் பழுது பார்க்க ஒருவருக்குப் பயிற்சி அளிக்கட்டும். லட்ச ரூபாய் இல்லாதவன் மகனும் அங்கே வந்து, ஒரு வருஷம் பழகி, தன் கையைத் தானே அறிந்துகொள்ளட்டும். பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். சர்க்கார் இதற்குப் பொருளுதவி செய்வது வெற்றி பெற்றவர்க்கு மாலையிடுவதைக் காட்டிலும் பயனுள்ள காரியம். கூடத்தை நேராக்கித் தருவது பெரியோர் கடமை. அதைச் செய்துவிட்டு, அதன்பின் ஆடச் சொல்லுவோம்; அப்பொழுதும் தவறினால் பழமொழியைச் சொல்லலாம்.